கையுறைக்கு மேல் முத்தம்

துறைமுகத் தண்ணீரில் பட்ட மாலை வெயில் முன்னறைச் சுவரில் ஆடுகிறது. கணவனை இழந்த தங்கை ஹுஸ்னியாவின் ஆங்கில நாவலைத் தாஹிர் தலைகீழாகப் பிடித்து உதறுகிறார். கடிதம் எதுவும் விழவில்லை. அட்டையில் ஒரு துரை குனிந்து, கையுறை போட்ட பெண்ணின் விரல்களை முத்தமிடுகிறான். “குடும்பப் பொம்பிள வாசிக்கிற சாமானா இது?” என்கிறார். ஹுஸ்னியா அண்ணனுக்காகக் கதிரையை விட்டு எழும்பவில்லை. “இருநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்துக் கதை, நானா. பாதிப் புத்தகம் முடிஞ்சிட்டு, இந்த முத்தத்துக்கு மேல ஒண்டும் நடக்கல்ல. முறையாப் பொண்ணு கேட்டிருக்கான். அவளுக்கு வாப்பா இல்ல. அவள்ட நானாதான் பதில் சொல்லணும்.” கிண்ணியாவிலிருந்து ஹுஸ்னியாவைப் பெண் கேட்டு வந்தவர்களுக்குத் தாஹிர் மூன்று மாதமாகப் பதில் சொல்லவில்லை. அவர் குரல் தாழ்கிறது. “அந்த நானா என்ன சொன்னாராம்?” “இன்னும் யோசிக்கிறார். ஆனா இந்த மாதிரிக் கதையெல்லாம் சம்மதத்திலதான் முடியும். அதுக்காகத்தானே வாசிக்கிறன்.” தாஹிர் அவளை நம்பாமல், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார்.