அப்பா போட்ட மார்க்

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க எந்தக் கல்லூரி நல்லது? இன்று மாலைக்குள் விஜி முடிவு செய்தாக வேண்டும்.

"பைபாஸ் பக்கத்துல கண்ணாடிக் கட்டடம் கீதே, அந்தக் காலேஜ்?"

"வேணாம். அவங்க கழிவுநீரு ஏரிக்குத்தான் போவுது" என்றார் அப்பா சின்னசாமி.

"மாங்காடு போற வழியில?"

"அதுவும் அதே ஏரிதான்."

"கரையான்சாவடி தாண்டி, மரமா நிக்குமே?"

"அதுல சேரு. கழிவுநீரைச் சுத்தம் பண்ணி மரத்துக்கே ஊத்துறாங்க."

விஜி உடனே விண்ணப்பத்தை அனுப்பினாள். "எந்த வெப்சைட்லயும் இதெல்லாம் இல்ல. உனக்கு எப்படிப்பா தெரியும்?"

சின்னசாமி தன் கழிவுநீர் லாரியின் சாவியை எடுத்தார்.

"மத்த ரெண்டு காலேஜுக்கும் நான்தானே கண்ணு லோடு அடிக்கிறேன்! மூணு வருஷமா கெஞ்சுறேன், இவங்க மட்டும் நம்ம லாரியை உள்ளயே உட மாட்றாங்க."