யாரும் ரத்தம் கேட்காத நாள்

ரத்த வங்கியின் இணையதளத்தை, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஹோஸ்டிங் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரை தளத்தைத் தாங்கி மூலையில் இரைந்துகொண்டிருந்த பழைய கணினியைக் காலையிலேயே நிறுத்தியிருந்தாள் ஜெசிந்தா. தளம் பளிச்சென்று திறந்தது. மாலையில் வயரைச் சுருட்டும்போதுதான் நினைவு வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது தளத்தை மட்டும். மருத்துவமனைகளின் அவசரக் கோரிக்கைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மணியடிக்கும் இணைப்பு நிரல், அவளே எழுதி அவளே மறந்தது, இந்தப் பெட்டிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. "காலைலேர்ந்து ஒருத்தர்கூட ரத்தம் கேக்கலம்மா, மணியே அடிக்கல. என்னா நிம்மதி!" என்று அடுத்த மேசையில் சுலைமான் சோம்பல் முறித்தார். வயரை மறுபடி செருகினாள். திரை ஒளிர்ந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மணி அடித்தது. மறுபடி அடித்தது. நிற்கவே இல்லை.