திரைக்கு ஒரு சாண் தள்ளி

திரையில் பாறை மறுபடியும் பிளந்தது. பூமிக்கடியில் கொதிக்கிற பாறைக்குள் தண்ணீரை அழுத்தி இறக்கினால் அது எப்படி உடையும், எவ்வளவு சூட்டைக் கக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இன்னாசியின் வேலை. ஆயிரம் முறையாவது உடைத்திருப்பான். ஒருமுறைகூடச் சத்தம் கேட்டதில்லை.

எதிரே நின்ற பெண் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேங்காய் அளவுக் கருங்கல். ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் காய்ந்த ரத்தம். அவன் கணக்கை நம்பி நிஜப் பாறைக்குள் தண்ணீரை இறக்கிய மூன்றாம் நாள் நிலம் குலுங்கியதில் அவள் வீட்டுச் சுவர் சரிந்தது. இந்தக் கல் அவள் மகளின் தலையில் விழுந்தது.

"இதுல எங்க வீடு எங்க இருக்கு? காட்டுங்க சார்."

கணக்கு முடிய நாலு நாள் ஆகிறதென்று மேலதிகாரி எரிந்து விழுந்தபோது, திரையிலிருந்த பாறைப் படத்தின் இடது ஓரத்தை இன்னாசிதான் வெட்டியெறிந்தான். அதற்கப்பால் பாறையே இல்லை என்று வைத்துக்கொண்டான். ஒரே மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"காட்டுடா!" என்று கத்தினாள் அவள்.

அவன் விரல் திரையின் ஓரத்தைத் தாண்டி, ஒரு சாண் தள்ளி, வெறும் மேசைப் பலகையில் போய் ஊன்றியது.

"இங்கயா?"

"ஆமாம்மா. இங்கதான்."

அவள் இரண்டு கைகளாலும் கல்லைத் தலைக்குமேல் தூக்கினாள். அவன் விரலை எடுக்கவில்லை.