முதல் பாகம் மாதிரி வருமா?

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சடிக்க முடியாது. இரண்டாவதாக வந்தவர் கொஞ்சம் நாகரிகமானவர். "மொக்கை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆறு வருஷமாக எல்லோரும் காத்திருந்த ஜாம்பி படத்தின் இரண்டாம் பாகம். முதல் நாள், முதல் காட்சி. தியேட்டர் வாசலில் யூடியூப் சேனல்காரர் ஒருவர் மைக்கோடு நின்றிருந்தார். படம் பார்த்தவர்கள் கொட்டுவதை அள்ளி உடனே ஊருக்குக் காட்டுவது அவர் தொழில்.

கதவோரமாக, படம் ஓட்டும் ஆபரேட்டர் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் உண்டு. போன மாதம் பாதிப் படத்தில் சத்தம் நின்றுபோய், ஜனங்கள் இரண்டு நாற்காலிகளைப் பெயர்த்துவிட்டார்கள். மேனேஜர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். நீ வீட்டுக்குப் போயிடலாம்."

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆபரேட்டர் ரூமைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷன். வேலை போனால் எங்கே போவார், பாவம்!

மைக் முன்னால் ஓர் இளைஞன் வந்து நின்றான். டீ ஷர்ட்டில், நெஞ்சு முழுக்க முதல் பாகத்து ஹீரோ.

"சொல்லுங்க பிரதர், படம் எப்படி?"

"நொந்துட்டேன். முதல் பாகத்தை இருபது தடவை பார்த்தவன் நான். அதுல ஒரு உயிர் இருந்துச்சுங்க. இது வெறும் பொணம்."

"போன வாரம் இதே தியேட்டர்ல முதல் பாகத்தை மறுபடி ஓட்டினாங்களே, வந்தீங்களா?"

"எனக்கெதுக்கு? ஒவ்வொரு சீனும் மனப்பாடம்!"

ஆபரேட்டர் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். அடுத்து ஒரு கணவனும் மனைவியும்.

"எது யாரைக் கடிக்கப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி. "அப்படியே பழைய படத்தோட காப்பி. இதுக்கா ஆறு வருஷம்?"

"சும்மா சொல்லலீங்க," என்றார் கணவர். "ஒவ்வொண்ணையும் என் காதுல சொல்லிக்கிட்டே இருந்தா. மனுஷனை நிம்மதியா தூங்க விடல."

பின்னாலேயே இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"முதல் பாகத்துலதான் அந்த டிரைவர் செத்துட்டானே, இதுல எப்படிடா வந்தான்? லாஜிக் வேண்டாமா?"

"டேய், இது ஜாம்பி படம். செத்தவன் வராம வேற எவன் வருவான்?"

ஒரு கண்ணாடிக்காரர் மட்டும் நிதானமாகப் பேசினார். பேராசிரியராம். மைக்கைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"கிராபிக்ஸைப் பாராட்டியே ஆகணும். ஹீரோவுக்கு ஆறு வயசைக் குறைச்சுக் காட்டியிருக்காங்க. அவ்வளவு தத்ரூபம்! ஆனா முதல் பாகத்துல ஒரு சமூகப் பார்வை இருந்துச்சு பாருங்க, அது இதுல மருந்துக்குக்கூட இல்லை."

இப்படி ஒவ்வொருவராகத் திட்டத் திட்ட, ஆபரேட்டர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேராசிரியர் முடித்தபோது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்யா, ஊரே காறித் துப்புது. உனக்கு என்ன இளிப்பு? நாளைக்குக் கூட்டம் வரலைன்னா ஈ ஓட்டணும்!"

"இல்ல சார்... படம் ஓட்டினதைப் பத்தி யாரும் குறை சொல்லல. அதான்."

"அதானே பார்த்தேன். எவன் எக்கேடு கெட்டா உனக்கென்ன?" என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

அதற்குள் மைக் மேனேஜர் பக்கம் திரும்பிவிட்டது. "சார், நீங்களும் பார்த்தீங்களாமே?"

கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர்தான். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குத் தோதாக நின்றார்.

"மேனேஜரா இல்ல, ஒரு ரசிகனா சொல்றேன். முதல் பாகத்தை நான் நாப்பது தடவை பார்த்திருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வசனம் சொல்வேன். அதோட கால் தூசிக்கு வராது இது. டைரக்டருக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு."

"தியேட்டர்ல ஏதாவது குறை?"

"குறையா? எங்க ஆபரேட்டர் ஓட்டினதுல ஒரு பொட்டுக் குறை சொல்லச் சொல்லுங்க, பார்க்கலாம்!"

சேனல்காரர் அங்கேயே நின்று போனைத் தட்டினார். "ஏத்திட்டேன் சார். அதுக்குள்ள முந்நூறு பேர் பார்த்தாச்சு!"

கூட்டம் கலைந்தது. மேனேஜர் ஆபரேட்டரின் தோளில் தட்டினார். "பிழைச்சே, போ. ஒரு புகார்கூட வரல."

"அப்போ என் வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே சார்?"

"அதான் கேமரா முன்னாடியே சொல்லிட்டேனேய்யா! போ, போய் அடுத்த காட்சிக்கு ரெடி பண்ணு."

ஆபரேட்டர் இரண்டு படி ஏறினார். நின்றார். தலையைச் சொறிந்துகொண்டே திரும்பினார்.

"அடுத்த காட்சிக்காவது ரெண்டாம் பாகத்தைப் போட்டுடறேன் சார். காலையில பதட்டத்துல, போன வாரம் ஓட்டின முதல் பாகத்தையே தட்டிவிட்டுட்டேன்."