பந்துக்குக் காற்றடிக்கிறவன்

சைக்கிள் கடை வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் கால்பந்து கிளப்பின் கோச் வேலூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்தவர் யார் என்று பெஞ்சில் சண்டை. பரசுராமன் உட்காருகிறான், எழுகிறான், பற்றவைக்க மறந்த பீடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறான். "பெரம்பூர்க்காரரையே கூட்டியாருவோம்பா. வர்றப்பவே ஒரு கோல்கீப்பரையும் இட்டுக்கினு வர்றாராம்." "அப்ப நம்மூரு ஆளுங்க கொடி புடிக்கவா?" என்று ஆராவமுதன் எகிறுகிறான். "போன மேட்ச்சுல மூணு கோல் வுட்டதும் நம்மூரு ஆளுதான், சாமி!" என்கிறான் பரசுராமன். அந்த மூன்றையும் விட்ட கோல்கீப்பர் தர்மன் அவர்கள் காலடியில் குந்தி, பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறான். பட்டுக்குச் சாயம் போடுகிற கைகள், முழங்கைவரை அரக்குச் சிவப்பு. யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. பம்ப் மட்டும் புஸ் புஸ்ஸென்று வேகம் கூட்டுகிறது. "போதும்பா, வெடிச்சிடப் போவுது" என்கிறார் கடைக்காரர். தர்மன் பந்தின் வாயில் தோல் வாரைக் கோத்து, பல்லால் இழுத்து முடிச்சிடுகிறான். பந்தைப் பரசுராமனின் காலடியில் வைத்துவிட்டு, எதிரே மூடிக் கிடக்கும் கடையின் இரண்டு தூண்களுக்கு நடுவே போய்க் குனிந்து நிற்கிறான். சிவந்த கைகள் விரிகின்றன. "அடிபா." பரசுராமன் ஒரு செருப்பைக் கழற்றுகிறான்; மற்றதைக் கழற்றாமல் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.