கோரைக்குள் விழுந்தது

முப்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்த இடுப்பு, முழங்காலளவு தண்ணீரில் முக்காலி போட்டு உட்கார்ந்ததில் விண்விண்ணென்று தெறிக்கிறது. நானும் நெவிலும் தோளில் தூக்கிவந்து வாத்துகள் கண்ணில் படாமல் மறைந்திருக்கச் சதுப்பில் ஊன்றிய மடக்குத் தட்டிக்குள், வலைக்கண் வழியாக விடியல் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுகிறது. என் துப்பாக்கிக் குழாயில் சுட்ட சூடு இன்னும் ஆறவில்லை. குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நெவில் இப்போதுதான் நிமிர்கிறான்.

"என்ன கிழவா, விழுந்துச்சா?"

"தப்பிச்சிடுச்சு."

"நேத்து சாயங்காலம் கூடாரத்துல எல்லாருக்கும் பாடம் எடுத்தியே, 'தலையைப் பாத்து எந்த வாத்துன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சுடுங்கடா குருட்டுப் பசங்களா'ன்னு! உனக்கு வாத்தே தெரியலயா?" சிரிக்கிறான். குவளையில் தேநீர் தளும்புகிறது.

தலை எனக்குத் தெரிந்தது, அது விழும்போதுதான். கூம்பிய தலை. புள்ளி வாத்து, சட்டப்படி யாருமே சுடக்கூடாதது. வலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கையில் சாதாரணக் கருப்பு வாத்தாகத்தான் இருந்தது. நாற்பதடி தள்ளிக் கோரைக்குள் அது சிறகால் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கிறது. நெவிலுக்குக் காது மந்தம். என் நாய் பிக்ஸிக்கு மந்தமில்லை. கோரையைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது. விட்டால் ஓடிப்போய்க் கவ்விவந்து நெவில் காலடியில் வைக்கும். கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

"நாய்க்கு என்னடா ஆச்சு?"

"குளிரு."

சிறகடிப்பு நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது. இன்னொரு தடவை சுட்டால் எதைச் சுட்டேனென்று நெவில் கேட்பான். சாகவும் விடாமல் நான் போட்டுவைத்திருக்கும் அந்த வாத்துக்கு இன்னும் ஒரு தோட்டா பாக்கி.