கருவாட்டு வாசனை

என் மனைவி பெயர் வேண்டா. கடப்பாக்கத்தில் கருவாடு காயவைத்து விற்றவள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவள் கையில் அந்த வாசனை போகாது. எங்கள் மகளைப் பெற்றபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரிதான் அவளைப் பிழைக்கவைத்தது. அந்த நன்றியில், தான் செத்தால் உடலை அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடும்படி சொல்லியிருந்தாள். 1971இல் அப்படியே கொடுத்தேன்.

"பள்ளிக்கூடமே போவாதவ காலேஜுக்குப் போறா பாரு மச்சான்" என்று அவள் தம்பி காசிநாதன் அழுதபடியே சிரித்தான்.

ஐந்து வருடம் கழித்து மகள் அஞ்சலாட்சிக்கு அங்கேயே பிரசவம். வலியிலும் பயத்திலும் யாரையும் கிட்டே சேர்க்காமல் அலறினாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு நம்பிக்கை போய்விட்டது. திடீரென்று அலறல் அடங்கியது. பிறகு குழந்தை அழுதது.

தஞ்சாவூரிலிருந்து வந்து படித்து, பயிற்சியில் இருந்த பெண் டாக்டர் வெளியே வந்தார்.

"பேரன் பொறந்திருக்கான். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. நெத்தியில கை வச்சேன், அம்மான்னு சொல்லி அடங்கிட்டா."

அவர் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். டெட்டாலை மீறிக் கருவாடு மணத்தது.

அவர் கூச்சத்துடன் சொன்னார்: "நாங்க மீனே தொடமாட்டோம்ங்க. முதல் வருஷம் பிரேதத்தை அறுத்துப் படிச்சதுலேர்ந்து இந்தக் கை இப்படித்தான். கழுவினாலும் போகல."

"போவாதும்மா" என்றேன். கையை விட மனம் வரவில்லை.